பஸ் நின்றால் இறங்கக் கூடாது

1

போன ஞாயிற்றுக்கிழமை லண்டன் சட்டன் பக்கத்திலிருந்து ரஞ்சி அக்கா தொலைபேசி எடுத்தார். ஊரில் எங்களுக்கு அடுத்த ஒழுங்கைக்காரி. லண்டனில் எனக்கென்று இருக்கிற சொந்தத்தில் பாதி அவர்தான். அவருடைய மகனுக்கு இப்போது பெரிய உத்தியோகம். தாயையும் தகப்பனையும் கூட்டிக்கொண்டு இந்த மார்கழியில் யப்பானுக்குப் போகிறானாம். அங்கே ஒரு மலையில், பனியில் சறுக்கி விளையாடும் இடமாம்.

"நீர் போய் வந்த ஆள். எங்கட ஆக்களுக்குள்ள வேற ஆரைக் கேக்கிறது? எப்பிடிப் பத்திரமாப் போய்ச் சேருறது எண்டு ஒருக்காச் சொல்லும்" என்றார்.

என்னிடம் யாராவது புத்தி கேட்டால் எனக்குத் தலைகால் தெரியாது. அரைமணி நேரம் பொழிந்து தள்ளினேன். லண்டன் சப்பாத்தை நம்ப வேண்டாம், அடியில் பல்லு வைத்த சப்பாத்து வாங்குங்கோ. மலையில் காலை வைக்கிறபோது தாரா நடக்கிற மாதிரிச் சின்னச் சின்ன அடியாக வையுங்கோ. ரயிலால் இறங்கியதும் பெரிய பைகளைத் தூக்கிக்கொண்டு திரியாமல் அங்கேயே ஒப்படைத்தால் ஹோட்டலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் பகல் பஸ்ஸில் ஏறுங்கோ, அங்கே நாலரைக்கே இருட்டிவிடும். கையில் தண்ணீரும் பிஸ்கற்றும் இருக்கட்டும். கொட்டும் பனியில் பஸ் நின்றால் சாரதி அடிக்கடி இறங்கிப் பின்பக்கப் புகைக்குழாயை மண்வெட்டியால் துப்பரவாக்குவார், அதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது அடைபட்டுப் புகை உள்ளே வந்தால்தான் பயம்.

"இன்னுமொண்டு அக்கா. வழியில பஸ் நிண்டா இறங்கப்படாது. ஆர் வந்து என்ன லைட் அடிச்சாலும் இருந்த இடத்தில இருங்கோ. அத்தாரையும் கையில பிடிச்சு வைச்சிருங்கோ."

ரஞ்சி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தாள் என்ன சின்னப்பிள்ளையே, இறங்கி ஓட?"

நானும் சிரித்துத்தான் தொலைபேசியை வைத்தேன். பிறகு சமையலறையில் போய் நின்று அழுதேன். இரண்டு வருஷமாக ஒருவருக்கும் சொல்லாத விஷயம். அக்காவுக்குச் சொன்னால் விடிவதற்குள் மனோர் பார்க் கோயில்வரை போய்விடும். ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்குச் சொல்வதில் அந்தப் பயம் இல்லை.

2

நாங்கள் இங்கே எப்படி இருக்கிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவருக்கு ஸ்ட்ரெதமில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. ஆறு மணியானால் உள்ளேயிருந்து கதவைப் பூட்டிவிட வேண்டும் என்பது சட்டம். சனம் வெளியே நின்று கண்ணாடியைத் தட்டும். இவர் உள்ளே இருந்துகொண்டு சிகரெட்டையும் சொக்லேற்றையும் ஓர் இழுப்பறையில் வைத்து வெளியே தள்ளுவார். நல்லவர்களும் வருவார்கள், கண்ணாடியில் துப்பிவிட்டுப் போகிறவர்களும் வருவார்கள். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறார். ஒருமுறை பஸ்ஸால் போகிறபோது வெளியிலிருந்து அவரைப் பார்த்தேன். வெளிச்சத்துக்கு நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். சேர்ந்த புதிதில் வெள்ளைக்காரப் பெண்கள் காலையில் என்னைக் கண்டதும் "ஓல்ரைற்?" என்று கேட்பார்கள். என்ன அன்பான மனிதர்கள் என்று நினைத்து, ஒவ்வொரு நாளும் என் முழங்கால் வலியை விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது வெறும் காலை வணக்கம் என்று விளங்க ஒரு வருஷம் பிடித்தது. அதற்குள் அவர்களுக்கு என் முழங்காலின் சரித்திரம் முழுக்கப் பாடம்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ள எங்களுக்கு இருந்த ஒரே ஆறுதல் வதனி, எங்கள் ஒரே பிள்ளை. பத்து வயதில் கூட்டிக்கொண்டு வந்தோம். இங்கே வந்து ஆறு மாதத்தில் ஆங்கிலத்தில் கனவு காண ஆரம்பித்துவிட்டாள். நித்திரையில் அவள் கதைப்பது எனக்கு விளங்காமல் போனது. ஊரைப் பற்றி ஏதும் கேட்டால் "ஐ டோன்ற் றிமெம்பர்" என்று தோளைக் குலுக்குவாள். எனக்கு அது சுடும். ஆனால் இவர் சொல்லுவார்: "மறக்கட்டும். அந்த நரகம் அவளுக்கு ஞாபகமில்லை எண்டால், நாங்கள் உருப்படியாச் செய்த காரியம் அது ஒண்டுதான்."

இவர் ஊரில் கிளிநொச்சியில் வேலை பார்த்தவர். வீடு கொடிகாமத்தில். போகும்போதும் வரும்போதும் ஆனையிறவு இராணுவ முகாமைத் தாண்ட வேண்டும். எண்பத்துநாலு, எண்பத்தைந்தில் அது எப்படியிருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனக்குத்தான் அதிகம் தெரியாது. நான் வீட்டோடு இருந்தேன். பள்ளி விடுமுறைக்குக் கிளிநொச்சியில் இருந்த என் தங்கை வீட்டுக்கு வதனியை இவர்தான் கூட்டிக்கொண்டு போய் வருவார். திரும்பி வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். நேரே கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து சாப்பிடுவார்.

வதனி கணக்கியல் படித்தாள். லண்டன் நகரத்துக்குள் நல்ல கம்பனி ஒன்றில் வேலையும் கிடைத்தது. இவர் கோயிலில் கண்ட எல்லோருக்கும் அதைச் சொல்லி முடிக்கும் முன்பே, பிள்ளை அந்த வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். யப்பானில் மலைக்கிராமம் ஒன்றில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறாளாம்.

"லண்டனில எனக்கு மூச்சு முட்டுது அப்பா."

"மூச்சு முட்டிறதுக்கு நீ என்ன கண்ணாடிப் பெட்டிக்குள்ளயோ இருக்கிறாய்?" என்று கத்தினார் இவர்.

அதுதான் கடைசிப் பேச்சு. ஒரு வருஷம் என்று போனவள் இரண்டு வருஷமாக்கினாள். மூன்றாம் வருஷமும் இருக்கப் போகிறேன் என்றாள். அவள் தொலைபேசி எடுத்தால் இவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவார். ஆனால் நான் வைத்ததும் "என்னவாம்?" என்று கேட்பார். ஒருநாள் திடீரென்று சொன்னார்: "போய்க் கூட்டிக்கொண்டு வருவம். நேரில நிண்டு கேட்டால் மாட்டன் எண்டு சொல்லுவாளோ பாப்பம்."

அவளை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் யப்பானுக்குப் போனோம். பனியில் சறுக்க அல்ல.

3

வதனிக்குப் பிரிட்டிஷ் பாஸ்போட் கிடைத்துவிட்டது. எங்களிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் புத்தகம், மூலையில் இரண்டு கறுப்புக்கோடு போட்டது. அதைக் கண்டதும் எந்தக் கவுண்டரிலும் ஒரு சின்ன மௌனம் விழும். விசா கேட்டுப் போன இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மிகவும் பணிவாக எங்களை நாலு முறை திருப்பி அனுப்பினாள். ஒவ்வொரு முறையும் வேறொரு கடிதம் வேண்டும் என்றாள், ஒவ்வொரு முறையும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாள். "ஏசினால்கூடப் பரவாயில்லை, திருப்பி ஏசிப்போட்டு வரலாம்" என்று இவர் முணுமுணுத்தார்.

விமானம், பிறகு ரயில், பிறகு மலைக்குப் போகும் பஸ். ரயிலால் இறங்கியபோதே முழங்கால் அளவு பனி. லண்டனில் இரண்டு விரற்கடை பனி பெய்தால் நாடே படுத்துவிடும். அங்கே தெருவின் இரண்டு பக்கமும் மதில் மாதிரிப் பனி நிற்க, சனம் தன் பாட்டுக்குச் சைக்கிளில் போனது. எங்கள் விமானம் பிந்தியதால் பகல் பஸ் போய்விட்டது. பின்னேர பஸ்ஸில் ஏறினோம். மேலே பஸ் நிலையத்தில் வதனி காத்திருப்பாள்.

இவர் ரயிலில் முழுக்க வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். மகளிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

பஸ்ஸுக்குள் நல்ல சூடு. பயணக் களைப்பில் நான் யன்னலோரமாகச் சாய்ந்து நித்திரையாகிவிட்டேன்.

4

முழித்தபோது பஸ் நின்றுகொண்டிருந்தது. யன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை. இருட்டுக்கூட இல்லை, பஸ் வெளிச்சத்தில் வெள்ளையாக ஏதோ சுழன்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். முன்கதவு திறந்து கிடந்தது. சாரதி வெளியே குனிந்து சில்லுக்குச் சங்கிலி பூட்டிக்கொண்டிருந்தார். தலைக்கவசமும் ஒரே மாதிரி உடுப்பும் போட்ட இரண்டு பேர் சிவப்பு வெளிச்சத்தடிகளை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். தெருவில் பனி தள்ளுகிறவர்கள். முன்னால் பெரிய இயந்திரம் ஒன்று வழி வெட்டுகிறது, அது முடியும்வரை பஸ் நிற்கும் என்று பக்கத்து ஆசனப் பெண் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள். மற்றவர்கள் எல்லோரும் புத்தகம் வாசித்துக்கொண்டும் தோடம்பழம் உரித்துக்கொண்டும் இருந்தார்கள்.

எனக்குப் பக்கத்து ஆசனத்தில் இவர் இல்லை. அவருடைய கம்பளித் தொப்பியும் கையுறையும் மட்டும், ஒன்றின்மேல் ஒன்றாக, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன.

ஒன்றுக்குப் போயிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். இந்தக் குளிருக்குள் போய் நிற்கிறாரே என்று எரிச்சல் வந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன். வரவில்லை. எழும்பிக் கதவடிக்குப் போனேன். காலடித் தடம்கூட இல்லை. அந்தப் பனி தடத்தையும் விழுங்கிவிட்டது.

"மை ஹஸ்பண்ட்! மை ஹஸ்பண்ட் நோ!" என்று கத்தினேன். பள்ளிக்கூடச் சமையலறையில் பழகிய இங்கிலீசெல்லாம் எங்கே போனதோ தெரியாது.

பஸ் முழுக்க எழும்பியது. சாரதி முகம் வெளிறி ஓடிவந்தார். அந்த வெளிச்சத்தடிக்காரர்கள் ஒருவரையும் காணவில்லை என்றார்கள். கடைசியாகத் தாண்டி வந்த வளைவில் ஒரு கடையின் வெளிச்சம் இருந்ததாம். வழி தவறுகிறவர்கள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் போவார்கள் என்று சொல்லி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கித் தேடப் போனார்கள். என்னை இறங்க விடவில்லை. அந்தப் பெண் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குள் இருந்துகொண்டு வெளியே புருஷன் செத்துக்கொண்டிருக்கிறானோ என்று பார்த்திருக்கிற நிலை என் பகையாளிக்கும் வரக்கூடாது. கும்பிடத் தெய்வத்தின் பெயர்கூட வாயில் வரவில்லை.

சாரதி வானொலிக் கருவியில் மேலே இருந்த நிலையத்தோடு கதைத்தார். திடீரென்று அதை என்னிடம் நீட்டினார். கரகரவென்ற சத்தத்துக்குள் வதனியின் குரல்.

"அம்மா, அழாதைங்கோ. சொல்லுங்கோ. பஸ் நிக்கேக்க லைட்டோட ஆக்கள் வந்தவையோ?"

"ஓம் பிள்ளை. ரெண்டு பேர்."

"யூனிபோமோ?"

"ஓம்."

"அப்பான்ர தொப்பி எங்க? போட்டுக்கொண்டு போனவரோ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தொப்பி சீற்றில கிடக்கு! இப்ப தொப்பியோ முக்கியம்?"

வதனி சொன்னாள்: "அம்மா, அவர் பின்னுக்குப் போகேல்லை. முன்னுக்குத்தான் போயிருக்கிறார். அந்தாக்களைத் தாண்டி அங்கால போய், பஸ் வருமெண்டு நிண்டுகொண்டிருப்பார். றேடியோவை டிரைவரிட்டக் குடுங்கோ, கெதியாக் குடுங்கோ."

5

முன்னால், பனி தள்ளும் இயந்திரத்துக்கும் அப்பால், தெருவுக்கு மேல் கொங்கிரீற் கூரை போட்ட ஓரிடம் இருந்தது. மலையிலிருந்து சரியும் பனி தெருவை மூடாமலிருக்கக் கட்டியது. அதன் தூணடியில் நின்றாராம். இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வெறும் தலை. மயிரும் புருவமும் வெள்ளை. ஒரு நிமிஷத்தில் கிழவனாகிப்போன மாதிரி இருந்தது. வலது கையில் அந்த நீலப் புத்தகம், தோள் உயரத்துக்குத் தூக்கியபடி. ஆசனத்தில் இருத்திய பிறகும் அந்தக் கையை மடக்க முடியவில்லை. நான் வாயால் ஊதி ஊதி, விரல் விரலாகப் பிரித்துப் புத்தகத்தை எடுத்தேன்.

என்னைப் பார்த்து, பல்லுக் கிடுகிடுக்க, மெதுவாகக் கேட்டார்: "எல்லாரையும் விட்டிட்டாங்களோ?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் தோளில் அடித்தேன். அடித்த கையாலேயே கட்டிப் பிடித்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

மேலே நிலையத்தில் வதனி வெளியிலேயே நின்றாள். அவள் மேலங்கி முழுக்கப் பனி. இவர் இறங்கினார். இரண்டு வருஷமாகப் பேசாத தகப்பனும் மகளும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் எங்கே போனதோ. அவள் தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் இறக்கி, இரண்டு காதையும் மூடிவிட்டாள். நேரே வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனோம். வலது காதில் மட்டும் கொஞ்சம் காயம், தப்பிவிட்டார் என்றார் வைத்தியர்.

6

வதனி இருந்தது ஒரு மர வீட்டின் மேல்மாடி அறை. நடுவில் கட்டை மேசை ஒன்று. அதற்குக் கீழே சூடு, மேலே மெத்தைப்போர்வை. காலை உள்ளே நீட்டிக்கொண்டு சுற்றியிருக்க வேண்டும். முதுகு குளிரும், கால் சுடும். வெளியே இரண்டு நாளாகப் பனி நிற்கவில்லை. கதவைத் திறக்க முடியவில்லை. மூன்று பேரும் அந்த மேசையைச் சுற்றி அடைபட்டுக் கிடந்தோம். அவளை வா என்று கேட்க இதைவிட நல்ல சமயம் இல்லை. நான் இவருக்குக் கண்ணைக் காட்டியபடி இருந்தேன்.

இரண்டாம் நாள் காலை, வதனி திரைக்குப் பின்னால் தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது, இவர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினார்.

"ஆனையிறவில அப்பிடித்தானப்பா. முகாமுக்கு முன்னால பஸ் நிக்கும். லைட்டை ஆட்டுவாங்கள். எல்லாரும் இறங்கோணும். தலையில ஒண்டும் இருக்கப்படாது, கையில ஐடென்ரிக் காட்டைத் தவிர ஒண்டும் இருக்கப்படாது. நடந்து அங்கால போய் நிக்கோணும். பஸ் வெறுமையா வரும். அதில ஏறிப் போறது."

"அது கேள்விப்பட்டனான். ஆனா இங்க ஏன்..."

"சிவபாதத்தை உமக்கு ஞாபகமிருக்கோ? என்னோட வேலை செய்த பெடியன். கண்ணாடி போட்டவன். ஒருநாள் காய்ச்சல் எண்டு பஸ்ஸுக்குள்ள சுருண்டு படுத்திட்டான். நாங்கள் இறங்கினதை அவன் காணேல்லை. நானும் அவனை எழுப்பேல்லை, அவன் முன்னுக்கு இறங்கிட்டான் எண்டு நினைச்சன். அங்கால போய் நிண்டு பாக்கிறன், பஸ்ஸுக்குள்ள இருந்து அவனைத் தலைமயிரில பிடிச்சு இழுக்கிறாங்கள். ஒளிச்சிருந்தவன் எண்டு அடிக்கிறாங்கள். திரும்பிப் போகேலாது. போனால் எனக்கும் அதுதான். பிள்ளை கையில."

"வதனியோ?"

"ஓம். அண்டைக்கு அவளும் வந்தவள். அவன் பிறகு வீட்டுக்கு வரேல்லை." தன் வலது கையை விரித்துப் பார்த்தார். "நல்லகாலம், பிள்ளை காணேல்லை. நான் அவளின்ர கண்ணைப் பொத்திட்டன்."

திரைக்குப் பின்னால் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு வதனியின் குரல், தமிழில்:

"கண்டனான் அப்பா. விரலுக்குள்ளால தெரிஞ்சது. அவருக்கு ஒரு கால்லதான் செருப்பு இருந்தது."

கோப்பைகளோடு வந்து எங்களுக்கு எதிரில் இருந்தாள். இவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இந்த றோட்டில பனிக்காலத்தில ஒவ்வொரு கிழமையும் பஸ்ஸை மறிப்பினம்" என்றாள். "லைட்டைக் கண்டவுடன நானும் எழும்பிறனான். ஒவ்வொரு தரமும். முதல் வருசம் ரெண்டு தரம் இறங்கியும் நடந்திட்டன். தொப்பியைக் கழட்டிப்போட்டு, பாஸ்போட்டைக் கையில எடுத்துக்கொண்டு. நீங்கள் நிண்ட அதே தூணடியிலதான் நானும் நிண்டனான். அதாலதான் எனக்கு இடம் தெரியும்."

"ஐயோ பிள்ளை" என்றேன்.

"நான் வழமையாப் போற பஸ்ஸின்ர டிரைவர் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பஸ்ஸில ஏத்தினவர். ஏன் எண்டு கேக்கேல்லை. ஏசவுமில்லை. அடுத்த கிழமை நான் ஏறினவுடன தனக்குப் பின்னால இருக்கிற சீற்றைக் காட்டினார். இப்ப எழும்பினாலும் இறங்கமாட்டன் அப்பா. அவர் கண்ணாடிக்குள்ளால பாத்துத் தலையாட்டுவார், நான் இருந்திடுவன். இன்னும் கொஞ்சக் காலம் இங்க இருந்தா எழும்பாமலும் இருக்கலாம் எண்டு நினைக்கிறன்."

இவர் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் நெடுநேரம் இருந்தார்.

"நான் உன்னைப் பத்திரமாக் கொண்டந்து சேத்திட்டன் எண்டெல்லோ பிள்ளை இவ்வளவு காலமும் நினைச்சிருந்தனான்" என்றார்.

அவளை லண்டனுக்கு வா என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.